வயிற்று ரண சிகிச்சைக்குப் பின் காவல் நாயைப் பேணும் முறை

விவசாயியின் வீட்டில் உழவு மாட்டிற்கும் கறவைப் பசுவிற்கும் அடுத்த ஸ்தானம் காவல் நாயினுடையது. களத்தில் குவித்த நெல்லையும், மேட்டில் அடைத்த ஆட்டுப் பட்டியையும், தோட்டத்து மோட்டார் கொட்டகையையும் இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் அப்பிராணிக்கு நாம் கொடுப்பது ஒரு கவளம் மிச்சச் சோறேயாம். அது நோயுற்றால் வைத்தியம் செய்விப்பது முன்னாட்களில் நமது கிராமங்களில் அபூர்வம். இப்பொழுது அந்நிலைமை மாறி வருகிறது. ஜனங்கள் ஆபரேஷன் என்று சொல்லும் ரண சிகிச்சையை நாய்க்கும் செய்வித்து, வயிற்றில் தையலுடன் அதை வீட்டிற்கு அழைத்து வரும் நிலச் சொந்தக்காரர்கள் பலர். இது சந்தோஷத்திற்குரியதே. ஆயினும் வைத்தியரின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் 14 நாட்களின் வேலை வீட்டாருடையது. அந்நாட்களில் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் எவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதுவதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சில வருஷங்களுக்கு முன், விதைக் கிடங்கைக் காத்து வந்த எனது பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்து, வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்ற நேர்ந்தது. சிகிச்சை நன்றாகவே நடந்தேறியது. 6-ஆம் நாள் தையல் வாய் உலர்ந்து காணப்பட்டது. நாயும் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றது. குணமாகிவிட்டதென்று நானே தீர்மானித்து, கழுத்துக் கூம்பைக் கழற்றிச் சங்கிலியையும் அவிழ்த்து விட்டேன். அரை மணிக்குள் அது ஒரு கீரியைத் துரத்தி வாய்க்காலைத் தாண்டிற்று. மாலையில் அதன் அடிவயிற்றில் தேங்காயளவு மெத்தென்ற வீக்கம் கண்டது. விடிந்தபின் வைத்தியரிடம் காட்டலாம் என்று இருந்துவிட்டேன். இரவில் மேல்தோலும் விட்டுப்போய்க் குடல் வெளிவந்தது. நாய் அதை நக்கியும் கடித்தும் விட்டது. மறுநாள் திரும்பவும் தைத்தும் பிழைக்கவில்லை. வைத்தியரின் வேலையில் குறை ஒன்றுமில்லை. அவிழ்த்து விட்டதும் என் பிழை. விடியட்டும் என்று காத்திருந்ததும் என் பிழை. அப்பிழைகளை வேறொருவர் செய்யாதிருத்தல் வேண்டும்.

வயிற்றைத் திறப்பதற்குரிய காரணங்கள்

நமது பக்கத்து நாய்களுக்கு வயிற்று ரண சிகிச்சை பெரும்பாலும் பின்வரும் காரணங்களால் நேருகிறது. முதலாவது, பெட்டை நாய்க்குச் செய்யும் கருத்தடை. இரண்டாவது, கருத்தடை செய்யப்படாமல் வயதேறிய பெட்டைக்கு, பருவம் கழிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுதல். அளவுக்கு மீறிய தாகம், சோர்வு, பிறப்புறுப்பில் சீழ் வடிதல் ஆகியவை இதன் குறிகள். சில சமயம் சீழ் வெளிவராமல் உள்ளேயே தங்குவதுமுண்டு. அது அதிக அபாயம். மூன்றாவது, மாங்கொட்டை, மக்காச்சோளத் தக்கை, எலும்புத் துண்டு, சாக்கு நூல் முதலியவற்றை விழுங்கிக் குடல் அடைபடுதல். நான்காவது, காட்டுப் பன்றி தன் கோரைப் பல்லால் வயிற்றைக் கிழித்துவிடுதல். இவையன்றி, மார்பு ஆழ்ந்த பெரிய ஜாதி நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்வதும் உண்டு.

காரணம் எதுவாயினும், வைத்தியர் வயிற்றின் நடுக்கோட்டில் தோலையும், அதன் கீழுள்ள வெண்ணிறமான உறுதியுள்ள நார்ப் பட்டையையும் அறுத்தே உள்ளே செல்கிறார். வேலை முடிந்ததும் இவ்விரண்டையும் தனித்தனியே தைக்கிறார். மேல்தோல் 10 முதல் 14 நாட்களில் கூடிவிடுகிறது. உள்ளிருக்கும் நார்ப் பட்டையோ மெதுவாகக் கூடுவது. அது தன் பழைய பலத்தை அடையப் பல வாரங்கள் செல்லும். முதல் வாரங்களில் குடலின் பாரத்தைத் தாங்கி நிற்பது நாயின் சதையன்று, வைத்தியர் தைத்த நூலேயாகும். மேலே உலர்ந்த தழும்பைக் கண்டு உள்ளும் ஆறிவிட்டதென்று எண்ணுவதே நமது ஜனங்கள் செய்யும் முதல் தவறு. கீழே கூறும் விதிகளில் பெரும்பாலானவை இவ்வொரு உண்மையிலிருந்து பிறந்தவையே.

வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன்

நாயை ஏற்றிக்கொண்டு புறப்படும் அவசரத்தில் வைத்தியர் சொல்லும் பாதி விஷயம் காதில் ஏறாது. ஆகையால் பின்வரும் ஐந்தையும் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுதல் நலம்: குடலையோ இரைப்பையையோ அறுத்துத் தைத்தாரா, மேல்தையல் தானே கரையும் நூலா, பிரிக்க வேண்டிய நூலா, முதல் ஆகாரம் எப்பொழுது, எந்த மருந்து எவ்வளவு, எத்தனை நாள், இரவில் ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது.

நாயைத் தூக்குகையில் வயிற்றின் கீழ் கை கொடுத்தல் கூடாது. ஒரு கையை மார்பின் கீழும் மறு கையை பின் தொடைகளைச் சுற்றியும் கொடுத்துத் தூக்க வேண்டும். பெரிய நாயாயின், ஜமக்காளத்தையோ கெட்டியான சாக்கையோ விரித்து அதன் மேல் கிடத்தி, இருவர் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்குவது சிலாக்கியம். வலியுள்ள நாய், வளர்த்தவனையும் கடிக்கக் கூடும். மயக்கம் நன்றாகத் தெளிந்து வாந்தியும் இல்லாத நாயாயின், தூக்கும் நேரம் மட்டும் வாயைத் துணி நாடாவால் கட்டலாம். மயக்கத்திலுள்ள நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாய்க்கட்டு ஆகாது. கடி பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே மனித வைத்தியரிடம் சென்று வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேட்டல் அவசியம்.

முதல் இரவு

மயக்க மருந்தின் வேகம் முற்றிலும் தணிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதுவரை நாய் தள்ளாடும், முனகும், நடுங்கும். கட்டில், திண்ணை, படிக்கட்டு, கிணற்றடி, தொட்டி ஆகிய இவற்றின் அருகே அதை விடுதல் கூடாது. காற்றோட்டமுள்ள ஓர் அறையில், தரையில், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டியை மடித்துப் படுக்கையாக இட வேண்டும். வைக்கோல் தையலில் ஒட்டுமாதலால் ஏற்றதன்று. மாட்டுக் கொட்டகை சாணமும் ஈயும் நிறைந்த இடமாகையால் அறவே விலக்கத்தக்கது.

மயக்கத்திலுள்ள நாய் உடற்சூட்டை எளிதில் இழந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடிசலான உடலும் குட்டை ரோமமுமுள்ள ஜாதிகளில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. கம்பளி போர்த்துதல் போதும். வெந்நீர்ப் புட்டி வைப்பதாயின் தடித்த துணியில் சுற்றியே வைக்க வேண்டும்; விலகிப் படுக்கச் சக்தியற்ற நாய்க்குத் தோல் வெந்துபோகும்.

அவ்விரவு 2 மணிக்கு ஒருமுறையாவது விளக்கெடுத்துப் பார்த்தல் வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க. அது இளஞ்சிவப்பாயிருத்தல் நலக்குறி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்து, வயிறு உப்பி, நாய் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதென்று சந்தேகிக்கலாம். இந்த அபாயம் முதல் 24 மணி நேரத்திலேயே அதிகம். அப்பொழுது விடியும்வரை காத்திருத்தல் தகாது. மூச்சுக்குழலில் குழாய் செலுத்தியதால் ஓரிரு நாள் இலேசான இருமல் இருப்பது சகஜம். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஜலமும் ஆகாரமும்

நாய் தலையை நிமிர்த்திப் படுத்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவிற்குத் தெளிந்தபின் சிறிதளவு ஜலம் கொடுக்கலாம். தட்டு நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுக்கும். ஒரு மணி நேரம் வாந்தியின்றிக் கழிந்தால் மறுபடியும் கொடுக்கலாம். கருத்தடை போன்ற சிகிச்சையாயின் அன்று மாலையிலேயே, வழக்கமான ஆகாரத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்துப் பார்க்கலாம்.

குடலை அறுத்துத் தைத்திருந்தால் வைத்தியர் சொன்ன வேளைக்கு முன் ஒன்றும் கொடுத்தல் கூடாது. ஆயின் பல நாள் பட்டினி போடுதல் பழங்காலத்து வழக்கம். வாந்தி இல்லையேல் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் மென்மையான ஆகாரத்தைத் தொடங்குவது குடல் ஆறுவதற்கு உதவி என்பதே இக்காலத்து வைத்தியர்களின் கொள்கை. குழைய வேகவைத்த சோறு, தோலும் எலும்பும் நீக்கி உப்பின்றி வேகவைத்த கோழிக்கறி, வெந்த முட்டை ஆகியவை ஏற்றவை. நாளைக்கு 4 அல்லது 5 வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும்.

வீட்டுக் குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைந்த சோறு இந்நாட்களில் ஆகாது. அவற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைக் கெடுப்பவை. எலும்பு எக்காரணங்கொண்டும் கூடாது. பலவீனம் தீரப் பால் வார்ப்பதும் வழக்கம். பல நாய்களுக்கு அது பேதியை உண்டாக்கும்.

சிறுநீர் 24 மணிக்குள் கழிய வேண்டும். மலம் 2 முதல் 4 நாள் வரை கழியாதிருக்கலாம். பட்டினிக்குப் பின் இது இயற்கையே. இதற்காக விளக்கெண்ணெய் புகட்டுவதும், ஆசனவாயில் சோப்பு வைப்பதும் கூடாது. முக்கி முக்கியும் வராவிடின் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துதல்

இதுவே விதிகளுள் தலையாயது. 14 நாட்கள் வரை நாய் ஓடுதல், தாவுதல், படியேறுதல், வண்டியில் குதித்து ஏறுதல், வேறு நாய்களுடன் விளையாடுதல் ஆகிய யாவும் விலக்கப்பட வேண்டும். மலஜலத்திற்காக நாளைக்கு 3, 4 முறை, குட்டைக் கயிற்றில் பிடித்து 5 நிமிஷம் மெதுவாக நடத்தினால் போதும். அந்நடை குடல் இயங்குவதற்கும் நல்லது.

வாசலில் சங்கிலியிற் கட்டி வைப்பதால் கட்டுப்பாடு ஏற்பட்டுவிட்டதென்று நினைத்தல் தவறு. அந்நியனைக் கண்டவுடன் நாய் சங்கிலியின் நுனி வரை பாய்ந்து திமிறும். கட்டாமல் விட்டதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. தெருவும் களமும் கண்ணிற்படாத அறையில் அடைத்து வைத்தலே சரியான முறை. காவல் தொழிலுக்கு அந்த 14 நாளும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுக. பருவத்திலிருக்கும்போது கருத்தடை செய்யப்பட்ட பெட்டையை ஆண் நாய்கள் சில நாள் தேடி வருமாதலால், கதவைத் தாழிட்டு வைத்தல் வேண்டும். தையல் பிரித்தபின்னும் 2 வாரங்கள் சிறிது சிறிதாகவே ஓட்டத்திற்குப் பழக்க வேண்டும்.

காயத்தைக் கவனித்தல்

நாயின் எச்சில் காயத்திற்கு மருந்து என்ற நம்பிக்கை நமது ஜனங்களிடம் வேரூன்றியிருக்கிறது. நாவினால் நக்கும்போது வாயிலுள்ள கிருமிகள் காயத்திற்கு ஏறுகின்றன. முன்பற்களால் சில நிமிஷங்களில் தையல் முழுவதையும் பிரித்துவிடவும் நாயால் முடியும். ஆகையால் கழுத்துக் கூம்பு இரவும் பகலும் இருத்தல் வேண்டும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைக் கடந்து இரண்டு மூன்று விரற்கடை நீண்டிருக்க வேண்டும். கழுத்திற்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கடையில் கிடைக்காவிடில், அடியை வெட்டி நீக்கி விளிம்பிற்குத் துணி சுற்றிய பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றால் கழுத்து வாரில் பிணைத்து உபயோகிக்கலாம். முதல் நாள் முட்டி மோதிக்கொள்ளும் நாயும் இரண்டொரு நாளில் பழகிவிடும். நாயின் முகத்தைக் கண்டு இரங்கிக் கூம்பைக் கழற்றுவோர் அதற்குத் தீங்கே செய்கின்றனர்.

காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் தையலைப் பார்க்க வேண்டும். முதல் சில நாள் ஓரங்களில் இலேசான சிவப்பும் வீக்கமும், ஓரிரு துளி தெளிந்த நீரும் இருக்கலாம். அவை நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும், கூடுதல் கூடாது. 14 நாட்கள் வரை நாயைக் குளிப்பாட்டுதலும், குளம் வாய்க்காலில் இறங்க விடுதலும் கூடாது.

காயத்தின் மேல் ஏதேனும் பூசினாலன்றி நமது மனம் அமைதியுறுவதில்லை. மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல், சுண்ணாம்பு, டர்பென்டைன், பினாயில் முதலியன வழக்கிலுள்ளவை. 1867-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ரண வைத்தியராகிய ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களில் சீழ் பிடிப்பதைத் தடுத்துக் காட்டினார் என்பது உண்மையே. எனினும் அத்தகைய திராவகங்கள் கிருமியைக் கொல்வதுடன் ஆறி வரும் சதையையும் கொல்லும் என்று பின்னர் அறியப்பட்டது. சுத்தமான சூழலில் தைத்த காயத்திற்கு வேண்டியது உலர்ந்திருத்தலும், தீண்டாதிருத்தலுமே. வைத்தியர் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் பூசற்க.

கோடையிலும் மழைக்காலத்திலும் ஈயின் உபத்திரவம் பெரிது. ஈரக் காயத்தில் ஈ இடும் முட்டைகள் ஒரு நாளைக்குள்ளேயே புழுக்களாகக் கூடும். பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வைப்பது சுலபமான தடுப்பு. புழுக் கண்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டுமேயன்றி, வயிற்றுக் காயத்தில் டர்பென்டைன் ஊற்றுதல் ஆபத்தானது.

மருந்துகள்

கிருமிகளைக் கொல்லும் மாத்திரையை, நாய் தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். வலி தீரும் மருந்தையும் தவறாது கொடுத்தல் வேண்டும். வலியுள்ள நாய் உண்ணாது, உறங்காது, காயமும் ஆறாது. ஆயின் மனிதருக்குரிய பாரசிட்டமால், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் முதலிய மாத்திரைகளை நாமாகக் கொடுத்தல் பெருங்கேடு. அவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கவும், ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கவும் கூடியவை. வைத்தியர் கொடுத்த வலி மருந்தினாலேயே வாந்தியோ கரிய மலமோ கண்டால், அதை நிறுத்தி உடனே அவருக்கு அறிவிக்க வேண்டும்.

அபாயக் குறிகள்

நாயின் இயற்கையான உடற்சூடு 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. அது மனித சூட்டைவிட அதிகமாதலால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்தல் பிழை. எண்ணெய் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்தே அறிதல் வேண்டும். கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காணினும் அந்நேரமே வைத்தியரை நாடுக:

1. ஈறு வெளுத்தல், வயிறு உப்புதல், எழ மாட்டாத துவட்சி.
2. சூடு 103.5 டிகிரிக்கு மேற்படுதல், அல்லது 99 டிகிரிக்குக் குறைந்து ஏறாதிருத்தல்.
3. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி. 24 மணிக்கு மேல் உண்ண மறுத்தல்.
4. தையலில் சீழ், துர்நாற்றம், நில்லாத ரத்தம், அல்லது வாய் திறத்தல்.
5. தையலின் கீழ் திடீரென மெத்தென்ற வீக்கம். உள் நார்ப் பட்டை விட்டுக் குடல் தோலின் கீழ் இறங்கியிருத்தல் கூடும்.
6. 24 மணிக்கு மேல் சிறுநீர் கழியாமை.

குடலில் சிகிச்சை செய்த நாயை 3-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை இருமடங்கு கவனிக்க வேண்டும். குடல் தையல் கசிவதாயின் பெரும்பாலும் அந்நாட்களிலேயே கசியும். தேறி வந்த நாய் மறுபடியும் சோர்ந்து, வாந்தியெடுத்து, வயிற்றைத் தொட விடாமல் முறைக்குமாயின், வயிற்றினுள் சீழ் பரவுகிறதென்று கருதி ஒரு நாழிகையும் வீணாக்கலாகாது.

குடலே வெளிவந்துவிட்டால் அதைக் கையால் உள்ளே தள்ளுதல் கூடாது. ஒரு லிட்டர் ஜலத்தைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் 9 கிராம் உப்பைக் கரைத்து, சுத்தமான துணியை அதில் நனைத்துக் குடலை மூடி, மேலே ஒரு வேட்டியை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, நக்க விடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணி 2001-ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் விதிகளாலும், அவற்றிற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டின் விதிகளாலும் உள்ளூர் ஸ்தாபனங்களின் பொறுப்பாக்கப்பட்டுள்ளது. சிகிச்சை பெற்ற பெட்டை நாயும் மேலே சொன்ன தையலையே வயிற்றில் தாங்கி நிற்கிறது. அதற்குக் கூம்பு கட்டவும் கதவடைக்கவும் சொந்தக்காரன் இல்லை. ஆகையால் காயம் உலர்ந்து, நாய் உண்டு நடமாடும் நிலைமையை வைத்தியர் பார்த்து அனுமதித்த பின்னரே அதை அடைப்பிலிருந்து விட வேண்டும். கூண்டு போதவில்லை, செலவு ஏறுகிறது என்று முந்தி விடுவதால், செய்த செலவும் வீணாகி, ஊரார் அத்திட்டத்தின் மேல் வைத்த நம்பிக்கையும் போய்விடும். விடப்பட்ட நாயின் தையல் வாய் திறந்திருப்பதை எவரேனும் கண்டால், அவர் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை ஊராருக்கு அறிவித்து வைத்தலும் நலம்.

முடிவுரை

சென்ற கோடையில் எனது வட்டத்து விவசாயி ஒருவரின் கோம்பை நாயைக் காட்டுப் பன்றி கிழித்துவிட்டது. நான் என் நாயின் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் கடலைக்காய் வைக்கும் அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, நாயை 14 நாள் அதில் அடைத்தார். 6-ஆம் நாள் அது கதவைப் பிறாண்டிக் குரைத்தபோது வீட்டார் யாவரும் இரங்கினர். அவர் கதவைத் திறக்கவில்லை. அந்நாய் இன்று அவருடைய பட்டியைக் காத்து வருகிறது.

நாய் நலிந்து கிடக்கும் முதல் மூன்று நாளும் எவரும் ஜாக்கிரதையாகவே இருப்பர். அது துள்ளத் தொடங்கும் நாளிலிருந்தே நமது ஜாக்கிரதை அதிகப்பட வேண்டும். இதை மனதிற்கொண்டு, வைத்தியர் குறித்த நாள் வரை கதவையும் கூம்பையும் காத்து வருவோமாயின், நம்மைக் காத்த பிராணிக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் தீர்த்தவர்களாவோம்.